துன்பம் அறிந்தவர் பிறர் துன்பத்தை அறிவாரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கஷ்டப்பட்டவர்களுக்குத்தான் பிறர் கஷ்டம் புரியும் என்கிறார்களே, அது உண்மையா?

பாதி உண்மை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறோம். அதில் பொய் எதுவும் இல்லை. வேலை பறிபோன செய்தியை வீட்டில் சொல்ல முடியாமல், வழக்கமான நேரத்துக்குக் கிளம்பி எங்கோ உட்கார்ந்துவிட்டு மாலையில் திரும்பி வரும் மனிதரின் மனநிலையை, அந்த நாள்களை அறியாதவருக்கு விளக்குவது கடினம். ஆனால் அந்தப் பழமொழி, தலைவலி இருக்கும் நேரத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது. வலி தீர்ந்து பத்து ஆண்டுகள் ஆனபிறகு, அதே வலியில் துடிக்கும் இன்னொருவரை அந்த மனிதர் எந்தக் கண்ணோடு பார்ப்பார் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

உளவியல் ஆய்வுகளில் இதற்குக் கிடைத்திருக்கும் விடை ஒரே பக்கம் சாய்வதாக இல்லை. துன்பம் சிலரை மிகுந்த கனிவுள்ளவர்களாக மாற்றுகிறது. சில சூழல்களில் அதே மனிதர்களையே ஈவு இரக்கமற்றுத் தீர்ப்புச் சொல்பவர்களாகவும் மாற்றுகிறது. எப்போது எது நடக்கும் என்பதை ஓரளவு சொல்ல முடியும்.

அதே கஷ்டத்தைக் கடந்துவந்தவரே சில நேரம் மிகக் கடுமையாகப் பேசுகிறாரே, ஏன்?

இதை நேரடியாகச் சோதித்தவர்கள் ரேச்சல் ரட்டன், மேரி-ஹண்டர் மெக்டொனல், லோரன் நார்ட்கிரென் என்ற மூன்று ஆய்வாளர்கள். அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை 2015இல் வெளியானது. ஒரு சோதனையில், குளிர்காலத்தில் மிச்சிகன் ஏரியின் பனிக்கட்டி போன்ற நீரில் குதிக்கும் நிகழ்ச்சியில் பங்கேற்றவர்களிடம் ஒரு சிறு கதையைப் படிக்கக் கொடுத்தார்கள். அதே போலக் குதிக்க வந்த ஒருவர், கடைசி நேரத்தில் பயந்து பின்வாங்கிவிடுகிறார். இன்னும் குதிக்காமல் இருந்தவர்கள் அவர்மீது கூடுதலாக இரக்கம் காட்டினார்கள். குதித்து முடித்து ஒரு வாரம் ஆனவர்களிடம் இரக்கம் குறைந்து இளக்காரம் கூடியிருந்தது. இன்னொரு சோதனையில், எவ்வளவு தேடியும் வேலை கிடைக்காமல், முடிவில் போதைப்பொருள் விற்கத் தொடங்கிவிட்ட ஒருவரின் கதையைக் கொடுத்தார்கள். அவர்மீது மிகக் குறைவாக இரக்கம் காட்டியவர்கள் வேலையில்லாத காலம் ஒன்றைத் தாண்டி வந்தவர்கள்தான். அப்போது வேலையில்லாமல் இருந்தவர்களும், வேலையிழப்பையே அறியாதவர்களும்கூட அவர்களைவிட இளகிய மனத்தோடு பதில் சொன்னார்கள்.

துன்பம் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பது நாளாக ஆக மங்குகிறது; "நான் அதைத் தாண்டினேன்" என்பது மட்டும் மங்குவதே இல்லை. இவை இரண்டும் சேரும்போது, அது தாண்டக்கூடிய துன்பம்தான், தாண்டாதவர் சரியாக முயலவில்லை என்ற முடிவு தானாக வந்துவிடுகிறது.

ஓர் அலுவலகத்தை எண்ணிப் பாருங்கள். பிரிவின் தலைமைப் பொறுப்பில் இருக்கும் பெண்மணி, கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வந்து, இரவு பன்னிரண்டு மணிவரை கணக்கு முடித்துக் கொடுத்து மேலே வந்தவர். அவருடைய மேசைக்கு முன்னால் ஓர் இளம்பெண் நிற்கிறாள். மூன்று இரவுகளாகக் குழந்தைக்குக் காய்ச்சல். நான்கு மணிக்குக் கிளம்ப அனுமதி வேண்டும். கையில் இருக்கும் கைபேசி அதிர்கிறது. அதைத் திருப்பிப் பார்க்காமல் விரல்களால் மூடிக்கொள்கிறாள். மேலதிகாரி கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, "நாங்களும் பிள்ளை பெற்றவர்கள்தானே அம்மா, இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதானே வேலை செய்தோம்?" என்கிறார். அந்தப் பெண்மணி கல்நெஞ்சக்காரர் அல்லர். அவர் சொல்வது ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் மாடிப்படியில் உட்கார்ந்து அழுத மாலையும், பக்கத்து வீட்டு மூதாட்டி குழந்தையை வாங்கிக்கொண்டதால் மட்டுமே தப்பிய நாளும் அவருடைய நினைவில் பின்னால் போய்விட்டன. கணக்கை முடித்துக் கொடுத்தது மட்டும் முன்னால் நிற்கிறது.

அப்படியானால் கடந்துவந்தவர்கள் எல்லோரிடமுமா கடுமையாக இருக்கிறார்கள்?

இல்லை. பலரும் கவனிக்காமல் விடும் செய்தி இதுதான். அந்த ஆய்வாளர்களே, சக மாணவர்களின் கொடுமைக்கு ஆளான ஒரு பதின்வயதுப் பையனைப் பற்றியும் சோதித்தார்கள். அந்தப் பையன் நிலைமையைச் சமாளித்துவிட்டான் என்று சொல்லப்பட்டபோது, தாங்களும் அப்படிப்பட்ட கொடுமையை அனுபவித்தவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகவே பரிவு காட்டினார்கள். அவன் தாங்க முடியாமல் வன்முறையில் இறங்கிவிட்டான் என்று சொல்லப்பட்டபோது, அதே ஆட்களின் பரிவு மற்றவர்களுடையதைவிடக் குறைந்துபோனது. ஆக, தம்மைப் போலவே சமாளிப்பவரை அவர்கள் அணைத்துக்கொள்கிறார்கள், சறுக்குகிறவரைத்தான் கைவிடுகிறார்கள். உதவி மிகவும் தேவைப்படுவதோ சறுக்குகிறவருக்கு.

நான் பட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எனக்கும் இது பொருந்துமா?

நடந்தது என்ன என்பது நினைவிருக்கும். அப்போது எப்படி இருந்தது என்பதை உடம்பும் மனமும் திரும்ப எழுப்புவதில்லை. பசி, வலி, பயம், குளிர் போன்றவற்றின் பிடியில் இல்லாத நேரத்தில், அவை ஒரு மனிதரை எவ்வளவு தூரம் ஆட்டிவைக்கும் என்பதை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம் என்று பொருளாதார உளவியலாளர் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் நீண்ட காலமாக எழுதிவருகிறார். அவரும் நார்ட்கிரெனும் மெக்டொனலும் சேர்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கைதிகளைக் குளிரில் வைத்து விசாரிப்பது சித்திரவதை ஆகுமா என்று கேட்கப்பட்டது. பனிநீரில் கையை வைத்துக்கொண்டே பதில் சொன்னவர்கள் அதைச் சித்திரவதை என்று கூடுதலாகக் கருதினார்கள். பத்து நிமிடத்துக்கு முன் அதே பனிநீரில் கையை வைத்து எடுத்தவர்களின் பதிலோ, குளிரையே தொடாதவர்களின் பதிலைப் போலத்தான் இருந்தது. பத்து நிமிடத்திலேயே இவ்வளவு வேறுபாடு என்றால், பத்து ஆண்டுகள் என்ன செய்யும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இதோடு, ஒரு துன்பம் எப்படி முடிந்தது என்பதும் அதன் நினைவை மாற்றிவிடுகிறது. டேனியல் கானமன் தம் சகாக்களோடு 1993இல் வெளியிட்ட சோதனையில், 14 பாகை செல்சியஸ் நீரில் 60 நொடிகள் கை வைப்பது ஒரு முறை. அதே 60 நொடிகளுக்குப் பின் மேலும் 30 நொடிகள் கையை எடுக்காமல், நீர் 15 பாகைக்கு மெல்ல ஏறும்வரை வைத்திருப்பது இன்னொரு முறை. மூன்றாவது தடவை எதைச் செய்ய விரும்புகிறீர்கள் என்று கேட்டபோது, பெரும்பாலோர் நீண்ட முறையையே தேர்ந்தெடுத்தார்கள். மொத்த வலி கூடியிருந்தும், முடிவு சற்று இதமாக இருந்ததால் அது பரவாயில்லை என்று தோன்றிவிட்டது. நல்லபடியாக முடிந்த வறுமையையும் நோயையும் நாம் நினைவுகூர்வது பெரும்பாலும் இப்படித்தான் என்று நான் நினைக்கிறேன்.

"நான் தாங்கினேன், நீயும் தாங்கு" என்ற மனநிலை எங்கிருந்து வருகிறது?

மறதி ஒரு காரணம். பட்ட பாட்டுக்கு ஒரு பொருள் இருந்தாக வேண்டும் என்ற ஏக்கம் இன்னொன்று. எலியட் ஆரோன்சனும் ஜட்சன் மில்ஸும் 1959இல் வெளியிட்ட சோதனையில், ஒரு கலந்துரையாடல் குழுவில் சேர்வதற்காகக் கடும் சங்கடத்துக்கு உள்ளாக்கப்பட்ட மாணவிகள், உப்புச்சப்பில்லாத அந்தக் குழுவையே மற்றவர்களைவிட உயர்வாக மதிப்பிட்டார்கள். வீணாகக் கஷ்டப்பட்டோம் என்று ஒப்புக்கொள்வதைவிட, கஷ்டம் தகுந்ததுதான் என்று நம்புவது மனத்துக்கு எளிது.

விடுதிகளில் மூத்த மாணவர்களின் கொடுமை ஆண்டுதோறும் தொடர்வதும், தொழில் கற்றுக்கொள்ள வருபவர்களை முதல் சில ஆண்டுகள் அவமதிப்பதே பயிற்சி என்று நினைக்கும் பணியிடங்கள் இருப்பதும் இதனால்தான். அடுத்தவருக்கு அந்த வேதனை தேவையில்லை என்று சொன்னால், தனக்கும் அது தேவையில்லாமலேயே நேர்ந்தது என்றாகிவிடும். அதை ஏற்பதற்கு ஒரு துக்கம் தேவைப்படுகிறது. பலர் அந்தத் துக்கத்தைத் தவிர்ப்பதற்காகவே கொடுமைக்கு வக்காலத்து வாங்குகிறார்கள். இதை வெறும் வக்கிரம் என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. ஆனால் அடுத்து வருபவர்மீது விழும் அடி இதனால் குறைவதும் இல்லை.

பாதிக்கப்பட்டவரையே குறை சொல்லும் பழக்கமும் இதோடு தொடர்புடையதா?

நெருங்கிய தொடர்பு உண்டு. உலகம் நியாயமாக நடக்கிறது, அவரவர் செய்ததை அவரவர் அனுபவிக்கிறார் என்று நம்பும் உந்துதல் மனிதரிடம் வலுவாக இருப்பதை மெல்வின் லெர்னர் 1960களிலிருந்து ஆராய்ந்தார். கரோலின் சிம்மன்ஸுடன் சேர்ந்து 1966இல் அவர் வெளியிட்ட சோதனையில், ஒரு பெண்ணுக்கு மின் அதிர்ச்சி கொடுக்கப்படுவது போன்ற காட்சியைப் பலர் பார்த்தார்கள். அவளுடைய வேதனையை நிறுத்த வழி இருந்தபோது அவளை நல்லவிதமாகவே மதிப்பிட்டவர்கள், அது தொடரப்போகிறது என்று அறிந்தபோது அவளைத் தாழ்த்திப் பேசினார்கள். நாம் நேருக்கு நேர் காணும் வேதனையை மாற்ற முடியாதபோது, வேதனைப்படுபவரின் மதிப்பைக் குறைத்துவிட்டால் மனம் கொஞ்சம் அமைதி அடைகிறது.

அடிபட்டு எழுந்தவருக்கு இந்த நம்பிக்கை கூடுதலாக இனிக்கும். உழைத்தேன், மீண்டேன் என்ற கதையில் நியாயம் இருக்கிறது. உழைத்தும் மீளாத ஒருவர் எதிரில் நிற்கும்போது அந்தக் கதை ஆட்டம் காண்கிறது. உடனே அவருடைய உழைப்பில் குறை தேடத் தொடங்குகிறோம்.

எந்தச் சூழலில் துன்பம் மனிதரைக் கனிவுள்ளவராக்குகிறது?

இதற்கும் ஆதாரம் உண்டு. டேனியல் லிம், டேவிட் டெஸ்டெனோ இருவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், வாழ்வில் கடுமையான இடர்களைச் சந்தித்தவர்களிடம் பிறர்மீதான பரிவும் உதவும் போக்கும் கூடுதலாகக் காணப்பட்டன. 2020இல் அவர்கள் வெளியிட்ட இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. பொதுவாக ஒரு குழந்தையின் துயரம் நம்மை உலுக்கும். பாதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை கூடக்கூட மனம் மரத்துப்போகும். கடும் இடர்களைக் கண்டவர்களிடம் இந்த மரத்துப்போதல் காணப்படவில்லை. தாங்கள் செய்யும் உதவியால் ஏதாவது பயன் இருக்கும் என்று அவர்கள் நம்பியதே அதற்குக் காரணமாகத் தெரிந்தது.

இது முன்பு சொன்ன 2015ஆம் ஆண்டு ஆய்வுக்கு முரண் அல்லவா என்று கேட்கலாம். இரண்டும் வெவ்வேறு நிலைமைகளைப் பார்க்கின்றன என்றே நான் புரிந்துகொள்கிறேன். வாழ்க்கை மனிதரை முறிக்கக்கூடியது என்ற பொதுவான அறிவு நெஞ்சில் ஈரத்தை வைக்கிறது. தாம் வென்றுவிட்ட அதே துன்பத்தில் இன்னொருவர் தோற்பதைக் காணும்போது, அந்த ஈரம் வறண்டுபோக வாய்ப்பிருக்கிறது. புற்றுநோயிலிருந்து மீண்ட ஒருவர், கடனில் மூழ்கியவரிடம் மிகுந்த பரிவோடு பேசுவார். சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிட்ட இன்னொரு புற்றுநோயாளியிடம் எரிந்து விழுவார். இரண்டும் ஒரே மனிதருக்குள் நடக்கக்கூடியவை.

துன்பத்தின் நடுவே யாராவது கைகொடுத்தார்களா என்பதும் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. துன்பத்திலிருந்து பிறக்கும் பிறர்நலம் பற்றி ஜோஹான்னா வோல்ஹார்ட்டுடன் சேர்ந்து 2008இல் எழுதிய எர்வின் ஸ்டவுப், ஹங்கேரியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1944இல் நாஜிகளின் கொலைவெறியிலிருந்து சிறுவனாக உயிர்தப்பியவர். தம் உயிரைப் பணயம் வைத்த பணிப்பெண் ஒருவரும், சுவீடன் நாட்டின் பாதுகாப்புக் கடிதங்களும் அந்தக் குடும்பத்தைக் காத்தன. துன்பப்பட்டவர் பிறருக்கு உதவுபவராக மாறுவதற்கு, அவர் பட்ட காயம் ஆறுவதும், துன்ப காலத்திலும் அதற்குப் பிறகும் பிறர் அளித்த ஆதரவும், அவரே பிறருக்கு உதவிய அனுபவமும் துணைசெய்கின்றன என்பது அவர்கள் கருத்து. தனியாகவே எல்லாவற்றையும் சாதித்தேன் என்று நினைப்பவரைவிட, என்னைத் தூக்கிவிட்டவர்கள் இருந்தார்கள் என்று நினைவில் வைத்திருப்பவர் அடுத்தவரை எளிதாகப் புரிந்துகொள்கிறார்.

நான் இப்போது பெரும் நெருக்கடியில் இருக்கிறேன். யார் அழுதாலும் எதுவும் தோன்றவில்லை. நான் கெட்டவனாகிவிட்டேனா?

இல்லை. நெருக்கடியில் இருக்கும் மனத்துக்குப் பக்கவாட்டில் பார்க்கச் சக்தி இருப்பதில்லை. ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், இறையியல் மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினார்கள். வழியில் ஒருவர் முனகியபடி சுருண்டு கிடந்தார். நேரம் இருப்பதாக நினைத்தவர்களில் 63 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகையில் உதவினார்கள். மிகத் தாமதமாகிவிட்டது என்று சொல்லப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினரே உதவினார்கள். சில நிமிடத் தாமதமே இவ்வளவு செய்யும் என்றால், தலைக்குமேல் கடனும் வீட்டில் நோயாளியும் இருப்பவர் பிறரைக் கவனிக்கத் தவறுவது வியப்பல்ல. முதலில் உங்களுக்குத் தேவையான உதவியைக் கேளுங்கள். இந்த உணர்வின்மை பல வாரங்கள் நீடித்தால், தூக்கமும் பசியும் கெட்டுப்போனால், மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பார்ப்பது நல்லது.

அதே அனுபவம் உள்ளவரைத்தான் ஆலோசகராகவோ நடுவராகவோ வைக்க வேண்டுமா?

ஆறுதலுக்கு அப்படிப்பட்டவர் மிகவும் பயன்படுவார். குடிப்பழக்கத்திலிருந்து மீள்பவர்களின் குழுக்களும், பிள்ளையை இழந்த பெற்றோர்களின் குழுக்களும் நிலைத்து நிற்பதற்கு இதுவே அடிப்படை. ஆனால் எதிரில் இருப்பவரின் மனத்தில் ஓடுவதைத் துல்லியமாக அறிய ஒத்த அனுபவம் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. சாரா ஹாட்ஜஸும் சகாக்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாகத் தாயான பெண்கள் பேசுவதை, அவர்களைப் போலவே புதிதாகத் தாயானவர்களும், முதல் குழந்தையைச் சுமப்பவர்களும், கருவுற்றதே இல்லாதவர்களும் பார்த்தார்கள். ஒத்த அனுபவம் அக்கறையைக் கூட்டியது. பேசுபவரின் எண்ணத்தைச் சரியாகக் கணிக்கும் திறனைப் பெரிதாகக் கூட்டவில்லை. எல்லாம் தெரியும் என்ற நினைப்பே கேட்பதை நிறுத்திவிடுகிறது.

தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு என்றால் இன்னும் கவனம் தேவை. அமெரிக்க நீதிமன்றங்களில் ஜூரிகளைத் தேர்ந்தெடுக்கும்போது, இதே போன்ற குற்றத்துக்கு நீங்கள் ஆளாகியிருக்கிறீர்களா என்று கேட்பதுண்டு. பாதிக்கப்பட்டவர் பாதிக்கப்பட்டவர் பக்கமே சாய்வார் என்பது அந்தக் கேள்விக்குப் பின்னால் உள்ள எதிர்பார்ப்பு. அவர் எதிர்ப்பக்கமும் சாயக்கூடும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

எனக்கு அப்படி எதுவும் நேர்ந்ததில்லை. ஆறுதல் சொல்ல எனக்கு உரிமை உண்டா?

உண்டு. உங்களிடம் ஒப்பிட எதுவும் இல்லை என்பதே சில நேரம் நன்மை. கேளுங்கள், குறுக்கிடாதீர்கள், செய்யக்கூடிய ஒரு வேலையைக் கேட்டுச் செய்யுங்கள்.

என் தீர்ப்பு கடுமையாகிறதா என்று எப்படி அறிவது?

"நானெல்லாம்" என்று ஒரு வாக்கியம் நாக்கின் நுனிக்கு வரும்போது சற்று நிறுத்துங்கள். அந்த இடத்தில் அவருடைய நிலைமையும் உங்களுடைய அன்றைய நிலைமையும் எதில் வேறுபடுகின்றன என்று பாருங்கள்: வயது, உடல்நலம், கையில் இருந்த பணம், தூக்கிவிட ஆள் இருந்ததா, எத்தனை சுமைகள் ஒரே நேரத்தில் விழுந்தன. பிறகு, அவர் இப்போது எவ்வளவு வேதனைப்படுகிறார் என்பதை மட்டும் தனியாகக் கவனியுங்கள். அவருடைய இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்று எண்ணுவது பெரும்பாலும் பழைய வெற்றியைத்தான் கொண்டுவந்து நிறுத்தும். அவருக்கு இது எப்படி இருக்கிறது என்று எண்ணுவது வேறு. முதல் வகைக் கற்பனை நம் சொந்தக் கலக்கத்தையும் கூடவே எழுப்பிவிடுகிறது என்பதை பேட்சனும் சகாக்களும் 1997இல் காட்டினார்கள்.

இதற்காக, தவறைத் தவறு என்று சொல்லவே கூடாது என்பதில்லை. வேலையில்லாமல் போதைப்பொருள் விற்றவர் செய்தது தவறுதான். அவர் செய்ததை எடைபோடுவதையும், அவர் பட்டதை மறுப்பதையும் ஒன்றாக்கிவிடாமல் இருந்தால் போதும்.

என்னிடம் கடுமையாகப் பேசுபவரே இதைக் கடந்துவந்தவர். அவரிடம் எப்படிப் பேசுவது?

உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டால் கதவு மூடிவிடும். அவருக்கு நிறையத் தெரியும் என்பதே அவருடைய எண்ணம். அவர் எப்படி ஜெயித்தார் என்று கேட்பதும் பயன்தராது, ஏனென்றால் அதைச் சொல்லச் சொல்ல அவருடைய உறுதி கூடும். அந்தக் காலத்தில் மிக மோசமான ஒரு நாளைப் பற்றிக் கேளுங்கள்: அன்று எங்கே இருந்தீர்கள், யாரிடம் சொன்னீர்கள், யாராவது உதவினார்களா, எப்போதாவது விட்டுவிடலாம் என்று தோன்றியதா? பதில் வரத் தாமதமானால் அவசரப்படுத்தாமல் காத்திருங்கள். அவர் சொல்லி முடித்தபிறகு, உங்களுக்கு இப்போது தேவைப்படும் ஒரே ஒரு உதவியைத் தெளிவாகக் கேளுங்கள்: ஒரு வாரத் தவணையோ, மாலை நான்கு மணிக்குக் கிளம்பும் அனுமதியோ, எதுவாக இருந்தாலும். அவர் அப்போதும் மறுத்தால், அதே விஷயத்தைக் கேட்க வேறொருவரைத் தேடுங்கள். அந்த ஒருவர் இதே பாதையில் நடந்தவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.